படத்துக்கு முன்னால் பெயர் போய்விடும்: மஸ்கெலியா ஸ்டூடியோ ஒன்றின் நெகட்டிவ்களும் ஒரு காமன்கூத்துக் கசட்டும்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா டவுனில் பல வருடமாக மூடிக் கிடந்த ஒரு ஸ்டூடியோவின் கூரையை மாற்றப் போகிறோம், பரணில் அப்பாவுடைய பழைய டின்கள் கிடக்கின்றன, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லொறியில் ஏற்றிவிடுவோம் என்று அந்த ஸ்டூடியோக்காரரின் மகன் என் மைத்துனருக்குக் கோல் எடுத்தார். மறுநாள் காலை ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். 11 பிஸ்கட் டின்கள், கவர்கள் நிறைந்த ஒரு சாக்கு, உரப்பையில் சுற்றிய 6 வீடியோ கசட். முதல் டின்னின் மூடியைத் திறந்ததுமே வினாகிரி வாசம் மூக்கில் அடித்தது. "எலி ஏதும் செஞ்சிருக்கும் சேர்" என்றார் அவர். எலி ஒன்றும் செய்யவில்லை, பிலிம் உள்ளுக்குள்ளே உக்க ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதிவைக்கிறேன். பண்டாரவளையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் இரண்டு மூன்று பேர், எங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஸ்டூடியோ இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார்கள். எங்களுக்குச் சரியாக வந்தது எது, பிழையாகப் போனது எது என்று இரண்டையும் சொல்கிறேன். பிழைகளில் பெரியது ஒன்றுதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஐந்து மாதம் ஸ்கேன் பண்ணினோம், எல்லாம் முடிந்த பிறகுதான் படத்தில் இருப்பது யார் என்று கேட்கப் போனோம். வேலையைத் தலைகீழாகச் செய்திருக்கிறோம்.

மலையகத்தில் ஒரு டவுன் ஸ்டூடியோவின் நெகட்டிவுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். தோட்டத் தமிழர்களான நம் மக்களை நெடுங்காலம் படம் எடுத்தவர்கள் வெளியாட்கள்தான். 19ஆம் நூற்றாண்டின் பேர்போன புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவை தேவாலயத்தில்தான் அடக்கம். அவர் இங்கே எடுத்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களும் அவற்றில் இருக்கிறார்கள். முகத்து ரேகை வரைக்கும் தெரிகிறது, பெயர் இல்லை. அதற்குப் பிறகு வந்த தபாலட்டைகளில் கொழுந்துக் கூடையோடு எத்தனையோ பெண்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கும் பெயர் இல்லை. கீழே தமிழ்க் கூலி என்று அச்சடித்திருப்பதோடு சரி.

டவுன் ஸ்டூடியோ அப்படி இல்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் ஆள் சொந்தக் காசு கொடுத்து, தலை சீவி, தான் எப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ அப்படி உட்கார்ந்த இடம் அது. வேறு ஒரு காரணமும் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. விட்டுப்போன 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். விண்ணப்பத்துக்கும் படம் வேண்டும், பாஸ்போட்டுக்கும் படம் வேண்டும். இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறுவதற்கு முன்னால் குடும்பம் குடும்பமாக இந்த ஸ்டூடியோவின் மரப்படியில் ஏறியிருக்கிறார்கள். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். போனவர்கள் பிரிண்டைக் கையோடு கொண்டு போய்விட்டார்கள், நெகட்டிவ் மட்டும் இந்த மலையில் தங்கிவிட்டது. ஒரு குடும்பம் இங்கே இருந்தது என்பதற்கு அந்தச் சின்னச் சதுரத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

டின்களில் இருந்ததில் பெரும்பகுதி அந்த மாதிரிப் படங்கள்தான். அப்புறம் கல்யாணம், சடங்கு, பிள்ளைக்கு மொட்டை. ஒரு டின் மட்டும் வேறு மாதிரி. அதில் ஸ்டூடியோக்காரர் வெளியே போய் எடுத்த படங்கள் இருந்தன, அதில் 20 சொச்சம் பழைய மஸ்கெலியா டவுன். 1960களின் கடைசியில் மவுசாக்கலை அணை வந்தபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும், ஆட்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கோயிலுக்கு முன்னால் தேர் நிற்கிற ஒரு படம் அந்த டின்னில் இருந்தது. அதைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டிய என் மைத்துனர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஈரமும் புகையும்

நம் ஊரின் குளிர் பிலிமுக்கு நல்லது. இந்த நெகட்டிவ்கள் அசிட்டேட் என்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக் பிலிம், அது சூட்டில்தான் சீக்கிரம் கெடும். ஆனால் குளிரோடு சேர்ந்து வருகிற ஈரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும், தென்மேல் பருவமழை நேரத்தில் என் அறையில் வைத்த ஈரமானி 80க்குக் கீழே இறங்கவே இல்லை. ஸ்டூடியோக்காரருக்கும் இது தெரிந்திருக்கிறது, இரண்டு டின்னை மட்டும் மின்குமிழ் எரிகிற அலுமாரிக்குள் வைத்திருந்தாராம். பூஞ்சணம் அந்த இரண்டில் இல்லை. ஆனால் வினாகிரி வாசம் அதிகமாக அடித்ததும், பிலிம் சுருங்கி ஓரம் நெளிந்து கிடந்ததும் அவற்றில்தான். ஈரத்தைத் துரத்த வைத்த சூடு பிலிமைத் தின்றுவிட்டது.

வினாகிரி வாசம் வருகிற நெகட்டிவைக் கண்டால் முதல் வேலை அதைப் பிரித்து வைப்பது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கிற நல்ல பிலிமையும் கெடுக்கும், ஒருமுறை தொடங்கினால் தானாகவே வேகம் கூடிக்கொண்டு போகும், திருப்ப முடியாது. குளிரில் வைத்தால் மெதுவாகும், அவ்வளவுதான். நாங்கள் மூக்கை வைத்தே மூன்றாகப் பிரித்தோம்: வாசமே இல்லாதது, லேசாக வருவது, கண் எரிவது. மூன்றாவதை ஈரம் புகாதபடி இரட்டைப் பையில் கட்டி, சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் பழைய பிரிஜ்ஜில் வைத்தோம். மற்றதை ரப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் போட்டு, அமிலம் இல்லாத காகித உறையில் ஒவ்வொன்றாக வைத்தோம். பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள். கடையில் கிடைக்கிற, தொட்டால் பிசுபிசுக்கிற பீவீசி கவரிலும் போடாதீர்கள்.

பழைய கவர்களை மட்டும் தூக்கிப் போடவில்லை, அதுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு கவரிலும் பென்சிலால் ஒரு எண், சிலவற்றில் தோட்டத்தின் பெயர், "2 கொப்பி, சனி வருவார்" என்கிற மாதிரி ஒரு வரி. சில கவர் கறையான் அரித்துத் தூளாக இருந்தது, அதையும் போனில் படம் எடுத்த பிறகுதான் அகற்றினோம்.

லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு பார்த்த பிரிண்ட்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். குசினிப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் விறகடுப்புப் புகையில் பழுப்பாகியிருந்தன, ஆனால் பூஞ்சணம் குறைவு. முன்னறையில் பிரேம் போட்டு மாட்டியது பளிச்சென்று இருந்தாலும் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. ஒட்டியதைப் பிய்க்கவே கூடாது, முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் பண்ணலாம், அல்லது வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கமராவில் எடுக்கலாம். செத்துப்போனவர் படத்தில் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் காய்ந்திருந்தன. ஒரு வீட்டில் துடைக்கட்டுமா என்று கேட்டேன், அந்த அப்பாயி வேண்டாம் என்றார், பொட்டோடே எடுத்தோம். 80களில் எல்லா வீட்டிலும் வாங்கிய, தாளில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் மூடிய அல்பம் இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். பல் இடுக்குத் துப்புரவு பண்ணுகிற நூலைப் படத்துக்குப் பின்னால் கொடுத்து, மெல்ல மெல்ல அறுத்து எடுத்தோம். ஒரு அல்பத்துக்கு ஒரு பகல் போனது.

கன்னத்தில் பென்சில்

தூசு துடைக்கிற இடத்தில் நடந்த ஒரு பிழையை மறைக்க விரும்பவில்லை. சில நெகட்டிவ்களில் முகத்தின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் லேசான கிறுக்கல் இருந்தது. அழுக்கு என்று நினைத்து, பஞ்சில் அல்கஹோல் தொட்டு இரண்டைத் துடைத்துவிட்டேன். மூன்றாவதை எடுக்கும்போது பூதக்கண்ணாடியில் பார்த்தால், கிறுக்கல் ஒழுங்காக, கமாக் குறி மாதிரி, கன்ன எலும்பின் மேலும் கண்ணுக்குக் கீழும் மட்டும் இருக்கிறது. அது ஸ்டூடியோக்காரரின் கை. நெகட்டிவில் பென்சில் போட்டால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், வெயிலில் கறுத்த கன்னம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் அவர் ஒவ்வொருவருக்கும் பென்சிலால் ஆற்றியிருக்கிறார். மலையில் நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண் தன் படத்தில் எப்படித் தெரிய விரும்பினாள் என்பது அந்தப் பென்சில் கோட்டில் இருக்கிறது, இரண்டு பேருடையதை நான் அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஊதுகிற ரப்பர் பந்தும் மெல்லிய தூரிகையும் தவிர எதையும் நெகட்டிவில் தொட விடவில்லை.

ஸ்கேன் பண்ணுகிற முறை சிக்கலானதில்லை. மூடியில் விளக்குள்ள பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றைக் கண்டியில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினோம். பெரும்பாலும் 120 பிலிம், 6க்கு 6 சென்ரிமீற்றர். ஒரு அங்குலத்துக்கு 2400 புள்ளி, 16 பிட், கறுப்பு வெள்ளை, டிஃப் கோப்பு. ஒரு படத்துக்கு ஏறக்குறைய 56 எம்பி வரும். ஸ்கேனரோடு வருகிற தானியங்கித் தூசு நீக்கியை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு வெளிச்சத்தை வைத்து வேலை செய்வது, கறுப்பு வெள்ளை பிலிமில் உள்ள வெள்ளி அந்த வெளிச்சத்தை மறைப்பதால் முகத்தையே தூசு என்று எடுத்துக்கொண்டு மெழுகிவிடும். மூலக் கோப்பில் எதையும் திருத்துவதில்லை, கீறலும் அப்படியே இருக்கும். ஆட்களுக்கு அனுப்புகிற ஜேபெக் கொப்பியில் மட்டும் வெளிச்சத்தைச் சரிசெய்வோம். சில பிள்ளைகள் இந்தப் படங்களைப் போனில் ஏதோ ஒரு செயலியில் போட்டு நிறம் ஏற்றி அனுப்பினார்கள், ஆசையில் செய்தது, கோபிக்க முடியாது. ஆனால் அந்தச் சேலை பச்சையா அரக்கா என்று கட்டியவருக்குத்தான் தெரியும், பச்சை என்று ஒருமுறை பார்த்த பேரப்பிள்ளைக்கு இனி அது பச்சைதான். நிறம் ஏற்றியதை நாங்கள் சேர்ப்பதில்லை.

ஐந்து மாதம் கழித்து

இப்படி ஒழுங்காக, டின் வரிசைப்படி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து 1,900 சொச்சம் படத்தை முடித்தோம். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பிறகுதான், ஒரு தாளில் 12 படம் வீதம் அச்செடுத்து, கவரில் பெயர் இருந்த தோட்டங்களுக்குப் போனோம்.

முதல் தோட்டத்தில் மேல்லயத்துக்குப் போனதும் எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். அந்தத் தாத்தாவுக்கு எல்லாக் குடும்பமும் தெரியும், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவர், யார் எந்த வருசம் போனார்கள் என்று ஒப்புவிப்பார். சரி, எங்கே இருக்கிறார் என்று கேட்டோம். "முப்பது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது தம்பி" என்றார்கள்.

நாங்கள் அந்த டின்னை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார், ஹட்டனிலிருந்து ஒரு மணித்தியால பஸ் தூரத்தில். நெகட்டிவ் இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்கும், வாசம் வருகிறது கூட ஒரு வருடம் தாங்கியிருக்கும். ஒரு டின்னுக்குள் எது முதலில் அழியும் என்று மூக்கை வைத்துப் பிரித்த நாங்கள், டின்னுக்கு வெளியே எது முதலில் போகும் என்று யோசிக்கவில்லை. அந்தத் தோட்டத்துப் படங்கள் 130. இன்றைக்கு வரை பெயர் கிடைத்தது 40க்குக் கொஞ்சம் மேலே.

அன்றோடு முறையை மாற்றினோம். இனி ஒரு டின் வந்தால், அதை லைட் மேசையில் வைத்துப் போனிலேயே படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கி, அதே வாரத்தில் தோட்டத்துக்குக் கொண்டு போகிறோம். தரம் மோசமாகத்தான் இருக்கும், முகம் தெரிந்தால் போதும். நல்ல ஸ்கேன் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

போகிற முறையிலும் சில விஷயம் படித்தோம். போனில் காட்டினால் வயதானவர்களுக்குக் கண் பிடிக்காது, வெட்கத்தில் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பெரிய தாளில் அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். ஒருவரைத் தனியாகக் கேட்பதைவிட வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கேட்பது நல்லது, ஒருவர் தொடங்கினால் மற்றவர் பிடித்துக்கொள்வார். ஆனால் சில விஷயம் தனியாகத்தான் வரும். பாஸ்போட் படத்தில் பெற்றோருக்கு நடுவில் நிற்கிற ஒரு பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஒரு அம்மாயி என் காதுக்குள் சொன்னார். அதை எழுதவில்லை, எழுதவும் மாட்டோம்.

ஆளைத் தெரியாவிட்டாலும் காலத்தைக் கண்டுபிடிக்க ஸ்டூடியோவே உதவியது. பத்துப் பதினைந்து படம் பார்த்த பிறகு என் மைத்துனர்தான் கவனித்தார், எல்லா ஆம்பிளைகளும் ஒரே கோட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது மடிப்பில் ஒரு பொத்தான் மட்டும் வேறு. அது ஸ்டூடியோவின் கோட்டு. கைக்கடிகாரமும் ஒன்றேதான், எல்லாப் படத்திலும் 10 மணி 20 நிமிடத்தில் நின்றுபோய் இருக்கிறது. பின்னால் தொங்குகிற திரையில் ஒரு ஏரி, ஒரு மாளிகைப் படிக்கட்டு. அந்தத் திரையில் படிக்கட்டின் வலது ஓரத்தில் வர்ணம் உதிர ஆரம்பித்து, வருடத்துக்கு வருடம் பெரிதாகி, கடைசியில் யாரோ அதன் மேல் பூச்சாடி ஒன்றை வரைந்து மறைத்திருக்கிறார்கள். கவரில் திகதி உள்ள சில படங்களை வைத்துக்கொண்டு, உதிர்ந்த இடத்தின் அளவைப் பார்த்து மற்றவற்றை வரிசைப்படுத்தினோம். உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகள் இதை ஒரு வாரத்தில் செய்து முடித்தார்கள், அவர்களுக்கு இருந்த உற்சாகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கிடைத்த விபரத்தை ஒரு எக்ஸெல் தாளில் போடுகிறோம்: படம் எண், ஆட்கள் இடமிருந்து வலமாக, இடம், காலம். இவற்றோடு யார் சொன்னது, எப்போது சொன்னது, உறுதியா சந்தேகமா என்று மூன்று பத்தி. ஒரே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுகிறோம், எது சரி என்று நாங்கள் தீர்ப்பதில்லை. பேசுவதை அனுமதி கேட்டு வேவ் என்கிற ஒலிக் கோப்பாகப் பதிகிறோம், எழுதினால் தொலைகிற எத்தனையோ அந்தக் குரலில் இருக்கிறது.

காமன்கூத்துக் கசட்

6 கசட்டில் 4 கல்யாணம், ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஆறாவதில் ஒட்டிய தாளில் "காமன்" என்று மட்டும் எழுதியிருந்தது. சவூதியிலிருந்து வந்த ஒரு அண்ணன் கொண்டு வந்த கமராவில், 90களில் ஒரு மாசி மாதம் பிடித்தது என்று ஸ்டூடியோக்காரரின் மகன் சொன்னார். மாசியில் பிறை கண்டு கம்பம் ஊன்றி, பௌர்ணமிக்கு மன்மதனை எரிக்கிற வரைக்கும் தோட்டத்தில் தூக்கம் இருக்காது. ரதியும் மன்மதனும் வீடு வீடாக ஆடி வருவார்கள், வீரபத்திரன் வருகிறபோது சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும், எரித்த பிறகு ரதியின் ஒப்பாரிக்கு அழாத பெண் இல்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது கூத்து நடப்பதில்லை, ஆட ஆள் இல்லை, எல்லாரும் கொழும்பில்.

சுருளின் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் தெரிந்தது. இப்படி இருந்தால் டெக்கில் போடவே கூடாது, டேப்பும் கிழியும், டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு பையில் கட்டி இரண்டு வாரம் காயவிட்டோம். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கசட்டின் 5 திருகாணியையும் கழற்றி, சுருளை வேறு ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றி, நூல் உதிராத துணியால் துடைத்துத் துடைத்துக் கையாலேயே சுற்றினோம். கசட்டின் முதுகில் இருக்கிற சின்னத் தக்கை உடைந்திருந்தது, அதை உடைத்தால் மேலே வேறெதுவும் பதியாது, பிடித்தவர் கவனமாக இருந்திருக்கிறார். ஆனால் அந்த ஓட்டையின் மேல் யாரோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். ஒட்டினால் பதியும். ஓட்டிப் பார்த்தபோது கம்பம் ஊன்றுகிற இடத்திலிருந்து 40 நிமிடத்துக்கு டீவியில் போன ஒரு சினிமாப் படம் பதிந்திருந்தது. மிச்சம் இரண்டு மணித்தியாலம் தப்பியிருந்தது.

டெக் தேடியதே பெரிய பாடு. வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பனியான ஃபூனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, இனி இருப்பதெல்லாம் பழையதுதான். ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே, 2025க்குள் டிஜிட்டலாக்காத டேப்பில் பெரும்பாலானவை போய்விடும் என்று எச்சரித்தது. கசட் வைத்திருக்கிறவர்கள் நெகட்டிவை விட இதற்குத்தான் முதலில் அவசரப்பட வேண்டும். பதுளையில் ஒரு ரிப்பயார்க் கடைக்காரர் பரணிலிருந்து ஒன்றை எடுத்து, ரப்பர் பெல்ட் மாற்றி, தலையைத் துடைத்துக் கொடுத்தார்.

அதைக் கணினிக்கு ஏற்றுவதற்கு முதலில் வாங்கியது கடையில் மலிவாகக் கிடைக்கிற யூஎஸ்பி குச்சி. படம் நன்றாகத்தான் தெரிந்தது. பெருமையோடு கொண்டு போய், அந்தக் கூத்தில் தப்பு (பறை) அடித்த மாமாவுக்கு மடிக்கணினியில் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், தொடையில் தாளம் போட்டார், நிறுத்தினார். "அடி பிந்துதே" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "கால் முன்னுக்குப் போகுது, அடி பின்னுக்கு வருது. நான் அப்படி அடிக்க மாட்டேன்." ஓட்டி ஓட்டிப் பார்த்தோம், தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக சத்தம் பின்தங்கி, ஒரு மணித்தியாலம் போகும்போது அரை விநாடி வித்தியாசம். பழைய டேப்பின் சிக்னல் நடுங்கும். அந்தக் குச்சி நடுங்குகிற இடத்தில் படச் சட்டங்களை விழுங்கிவிடுகிறது, ஒலியை விழுங்குவதில்லை. விநாடிக்கு 25 சட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றும் போனால் நம் கண்ணுக்குத் தெரியாது. தப்பு அடித்த கைக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் சிக்னலின் நேரத்தைச் சீராக்குகிற கருவி ஒன்றை இடையில் போட்டு, தகுந்த கார்ட் உள்ள கணினியை இரவல் வாங்கி, முதலிலிருந்து மறுபடியும் ஏற்றினோம். சுருக்காமல் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 75 ஜிபிக்கு மேல் போகும், எஃப்எஃப்வீ1 என்கிற இழப்பில்லாத முறையில் அதில் பாதிக்குள் அடங்கியது. இரண்டாவது முறை அந்த மாமா முழுக்கப் பார்த்தார். ரதி ஒப்பாரி வைக்கிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ரதியாக ஆடியவர் இப்போது பேரப்பிள்ளை எடுத்தவர். கூத்தில் பெண் வேஷமும் ஆம்பிளைதான் கட்டுவது, நமக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. யூடியூபில் போடலாமா என்று கேட்டோம். அவர் உடனே சரி என்றார். ஆனால் பக்கத்தில் நின்ற மகள் வேண்டாம் என்றார். தெரியாத ஆட்கள் கீழே என்னவெல்லாம் எழுதுவார்கள் என்று அவருக்குப் பயம், அந்தப் பயம் நியாயம். அதனால் அந்தப் பகுதி பொதுவில் இல்லை, தோட்டத்தில் கேட்கிறவர்களுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் எல்லாருக்கும், குடும்பத்துக்கு மட்டும், இப்போதைக்கு யாருக்கும் இல்லை என்று மூன்றில் ஒரு குறி இருக்கிறது. கேட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே வைத்திருக்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று கொப்பி: ஹட்டனில் ஒரு ஹார்ட் டிஸ்க், கொழும்பில் ஒரு ஹார்ட் டிஸ்க், இணையத்தில் ஒன்று. மூன்றும் ஒரே மலையில் இருக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது ஆட்களோடு சேர்ந்து சுவரில் இருந்த ஒவ்வொரு படமும் போனது. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் எடுத்துவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். பொதுவில் போடக்கூடியதைச் சொந்த இணையத்தளம் தொடங்கிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பணம் கட்டுகிற ஆள் வெளிநாடு போனால் தளமும் போய்விடும். 2005இலிருந்து இயங்குகிற 'நூலகம்' என்கிற இணைய ஆவணக் காப்பகம் போன்ற ஒரு இடத்தோடு சேர்வதுதான் சரி, அவர்களுடைய 'ஆவணகம்' தளத்தில் படம், ஒலி, ஒளி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய சாமான்களை அவர்கள் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு படிப்பு. ஸ்கேன் பண்ணி முடிந்ததும் நெகட்டிவைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. துடைத்து அழிந்துபோன அந்த இரண்டு பென்சில் முகத்தையும் எந்த ஸ்கேனரும் திருப்பித் தராது.

போனவர்களைத் தேடுகிற வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தாயகம் திரும்பியோர் என்று பெயர் வைத்து அனுப்பிய நம் ஆட்களுக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருக்கின்றன. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இங்கிருந்து போன குடும்பங்கள் இன்னும் கொழுந்துதான் எடுக்கிறார்கள். என் மைத்துனரின் தூரத்து உறவு ஒருவர் அங்கே ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், கோட்டுப் போட்ட 20 படத்தை அவருக்கு அனுப்பினோம். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது, வயதான ஒரு அம்மா பேசுகிறார்.

"நாலாவது படத்துல ரெட்டச் சடையோட நிக்கிறது நான்தான் தம்பி. எங்கப்பாகிட்ட கோட்டு இருந்துச்சுன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ரெண்டு படம் புடிச்சாங்க. மொத படத்துல தம்பி அழுதுட்டான், அதனாலதான் திரும்ப எடுத்தாங்க. அவன் இப்ப இல்ல. அந்த அழுத படம் இருக்கான்னு பாருங்க."

கவரில் அந்த எண்ணுக்கு நேரே பென்சிலில் 2 என்று எழுதியிருக்கிறது. ஒன்றுதான் உள்ளே இருந்தது. மற்றது மின்குமிழ் அலுமாரி டின்னுக்குள் போயிருக்கலாம். அந்த டின்னில் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிய 40 நெகட்டிவ் இன்னும் பிரிக்கப்படாமல் பிரிஜ்ஜில் இருக்கின்றன. கண்டியில் பிலிம் வேலை தெரிந்த ஒருவரிடம் பேசியிருக்கிறோம், வரும் மாதம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.